நீர்வண்ணத்தின் மேல் சாஃப்ட் பேஸ்டல்: ஒரு முழுமையான வழிகாட்டி

நீர்வண்ணத் தாளைக் காலை வெயிலில் சற்றே சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், அதன் பரப்பெங்கும் சிறு சிறு மேடுகளும் பள்ளங்களும் நிறைந்திருப்பது தெரியும். தண்ணீரில் கரைந்த வண்ணம் அந்தப் பள்ளங்களில் போய்த் தங்குகிறது. அல்ட்ராமரீன் நீலத்தைப் பூசிக் காயவிட்டுப் பார்த்தால், நிறமித் துகள்கள் குழிகளில் மணல்மணலாகப் படிந்திருப்பதைக் கண்ணாலேயே காணலாம். காய்ந்த அந்தத் தாளின் மேல், நிறப்பொடியைக் குச்சியாகச் செய்த சாஃப்ட் பேஸ்டலைப் படுக்கை வாட்டில் வைத்து மெல்ல இழுத்தால், அது மேடுகளை மட்டும் தொட்டுக்கொண்டு போகிறது. பள்ளத்தில் நீலம், மேட்டில் வெளிர் ஆரஞ்சு. இரண்டும் ஒன்றோடொன்று கலப்பதில்லை, ஒன்றையொன்று முழுதாக மூடுவதுமில்லை. ஆனால் நான்கடி தள்ளி நின்று பார்க்கும் கண்ணில் அவை சேர்ந்து, பேலட்டில் எப்படிக் கலந்தாலும் கிடைக்காத, உயிருள்ள ஒரு சாம்பல் ஒளியாக மாறுகின்றன. இந்த இரண்டு ஊடகங்களையும் ஒரே தாளில் பயன்படுத்துவதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. நீர்வண்ணத்தில் ஓர் இடம் கெட்டுப்போனால், அதன் மேல் பேஸ்டலை அப்பி மறைத்துவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் பலரும் இந்த முறைக்கு வருகிறார்கள். அப்படி மறைத்த இடம் படத்தில் ஒட்டுப்போட்ட துணி போலத் தனித்துத் தெரியும். நீர்வண்ணத்துக்கு ஒரு வேலை, பேஸ்டலுக்கு ஒரு வேலை என்று தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்ளுங்கள். நிழல், ஆழம், ஈரம், தூரம் ஆகியவை நீர்வண்ணத்துக்கு உரியவை. வெயில் நேராக விழும் இடங்கள் பேஸ்டலுக்கு உரியவை. இந்த வழிகாட்டியில் வரும் எல்லாப் படிகளும் இந்தப் பிரிவினையிலிருந்தே பிறக்கின்றன.

இரண்டின் இயல்பு

இரண்டிலும் இருப்பது ஒரே வகை நிறமிப் பொடிதான். அதைப் பிடித்து வைக்கும் பொருளில்தான் வேறுபாடு. நீர்வண்ணத்தில் நிறமி அரபிப் பிசினில், அதாவது அகேசியா இன மரத்தின் பிசினில், குழைக்கப்பட்டிருக்கிறது. தண்ணீர் வற்றியதும் அந்தப் பிசின் நிறமியைத் தாளோடு ஒட்டவைத்துவிடுகிறது. படலம் மெல்லியதாக இருப்பதால் ஒளி அதை ஊடுருவிச் சென்று, தாளின் வெண்மையில் பட்டுத் திரும்புகிறது. சாஃப்ட் பேஸ்டலில் பிசின் மிகவும் குறைவு. குச்சி உதிராமல் நிற்பதற்கு வேண்டிய அளவுதான் இருக்கும். நிறமியோடு சுண்ணாம்புத் தூளோ வெண்களிமண்ணோ சேர்ந்திருப்பதால் ஒளி அதனுள் புகாமல் மேற்பரப்பிலேயே சிதறுகிறது. அதனால்தான் பேஸ்டலில் தீட்டிய வெளிர் நிறம் கருமையான பின்னணியிலும் எடுப்பாகத் தெரிகிறது.

இருண்ட அடித்தளத்தின் மேல் பேஸ்டலால் ஒளி ஏற்றுவது புதிய யோசனை அல்ல. பிரெஞ்சு ஓவியர் எட்கர் டெகா 1870களில் மோனோடைப் என்னும் மை அச்சுப் படிவத்தை எடுத்து, அதன் மேல் பேஸ்டலால் தீட்டினார். பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய நடன மங்கை ஓவியம் இப்படி உருவானதே. அடியில் இருக்கும் மை அரங்கின் இருளைக் கொடுக்கிறது. பேஸ்டல், மேடை வெளிச்சம் படும் உடலையும் பாவாடையையும் கொடுக்கிறது. அவர் அடியில் வைத்தது நீர்வண்ணம் இல்லை என்றாலும், வேலையைப் பிரித்துக்கொடுத்த முறை நமக்கு அப்படியே பொருந்துகிறது.

வாங்க வேண்டியவை

தாளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள, முழுப் பருத்தியாலான, மிதமான சொரசொரப்புள்ள கோல்டு பிரஸ் தாள் வேண்டும். ஹாட் பிரஸ் தாள் வழவழப்பானது. அதில் பேஸ்டல் இரண்டாவது தீற்றலிலேயே வழுக்கத் தொடங்கிவிடும். ரஃப் தாளில் பள்ளங்கள் ஆழமாக இருப்பதால் பேஸ்டல் திட்டுத்திட்டாக நிற்கும். பாறைக்கும் பழைய சுவருக்கும் அது அழகு, வானத்துக்கு ஆகாது. நம் கடலோர ஊர்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல மழைக்காலங்களைக் கண்ட பழைய தாளில், தண்ணீரை உடனே உறிஞ்சிவிடாமல் தடுக்கும் பசைப்பூச்சு ஆங்காங்கே செத்துப்போயிருக்கும். பார்வைக்கு எதுவும் தெரியாது. வாஷ் என்னும் நீர்த்த வண்ணப் பூச்சைப் போட்டவுடன் மையொற்றுத் தாள் போலக் கறைகள் தோன்றும். ஒரு மூலையில் ஈரத் தூரிகையால் கோடிழுத்துச் சோதித்த பிறகே பழைய தாளில் வேலையைத் தொடங்குங்கள்.

பேஸ்டல் வாங்கும்போது "சாஃப்ட் பேஸ்டல்" என்று அழுத்தமாகக் கேளுங்கள். வெறும் "பேஸ்டல்" என்று கேட்டால், பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் ஆயில் பேஸ்டல் பெட்டிதான் பெரும்பாலும் கைக்கு வரும். அதில் எண்ணெயும் மெழுகும் இருப்பதால் இங்கே சொல்லும் முறை எதுவும் அதனுடன் ஒத்துவராது. ஐயம் இருந்தால் விரலில் தேய்த்துப் பாருங்கள்: சாஃப்ட் பேஸ்டல் உலர்ந்த பொடியாக ஒட்டும், ஆயில் பேஸ்டல் பிசுபிசுப்பாகப் பளபளக்கும். பெரிய பெட்டி தேவையில்லை. வெளிர் மஞ்சள், வெளிர் ஆரஞ்சு, பாலேடு நிறம், வெளிர் இளஞ்சிவப்பு, வெளிர் நீலம், நடுத்தர நீலம், சாம்பல் பச்சை, காவி, அடர் ஊதா, வெள்ளை ஆகிய பத்துக் குச்சிகள் போதும். வெளிர் நிறங்கள் கூடுதலாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அடர்த்தியை நீர்வண்ணம் பார்த்துக்கொள்ளும். நுணுக்கமான கோடுகளுக்கு இரண்டு மூன்று பேஸ்டல் பென்சில்கள் உதவும்.

நீர்வண்ணத்தில் அல்ட்ராமரீன், பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஓக்கர், அலிசரின் கிரிம்சன் ஆகிய நான்கே போதும். ஒன்றரை அங்குலத் தட்டைத் தூரிகை ஒன்றும், 8, 12 எண் வட்டத் தூரிகைகளும், மரப்பலகையும், பசைத்தாள் நாடாவும், குழைந்து கொடுக்கும் வகை அழிப்பானும் பட்டியலை முடித்துவைக்கும். இவற்றோடு ஒரு என்95 முகக்கவசம் கட்டாயம் வேண்டும். பேஸ்டல் தூள் மிக நுண்ணியது. சில நிறங்களில் காட்மியம், கோபால்ட் போன்ற உலோகச் சேர்மங்கள் உண்டு. படத்தின் மேல் படிந்த தூளை வாயால் ஊதக் கூடாது. பேஸ்டல் வேலை நடக்கும்போது சீலிங் ஃபேனை நிறுத்திவிடுங்கள். முடிந்ததும் தரையை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

எடுத்துக்கொண்ட காட்சி

முறையை ஒரு காட்சியோடு சேர்த்துச் சொன்னால்தான் கைக்குப் பிடிபடும். பழவேற்காடு ஊரிலிருந்து வடக்கு நோக்கி ஏரியைப் பார்க்கிறோம். சூரியன் எழுந்து அரைமணி நேரம் ஆகியிருக்கிறது. வெயில் வலப்பக்கத்திலிருந்து, கடல் இருக்கும் திசையிலிருந்து, தாழ்வாக வருகிறது. முன்னால் சேறும் ஆழமில்லாத தண்ணீரும். நடுவில் நீலச் சாயம் பூசிய இரண்டு படகுகள். அதற்கும் அப்பால், குளிர்காலத்தில் வந்திறங்கும் பூநாரைகளின் கூட்டம் ஒரு மெல்லிய வெளிர்க் கோடாகத் தெரிகிறது. எல்லையில் சாம்பல் நீல நிலப்பட்டை. நிழலின் ஈரமும் வெயிலின் வறட்சியும் ஒரே காட்சியில் இருப்பதால் இது நம் முறைக்குத் தானாகவே பொருந்துகிறது.

கால் தாள் அளவு, அதாவது ஏறத்தாழ 28×38 செ.மீ., முதல் முயற்சிக்கு ஏற்றது. முதலில் அஞ்சலட்டையில் பாதி அளவுக்குப் பென்சிலால் ஒரு சிறு வரைவு செய்து, அதில் மூன்றே தொனிகளைக் காட்டுங்கள்: வெளிச்சம், இடைநிலை, இருட்டு. பிறகு ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்து, பேஸ்டல் படப்போகும் இடங்களை மட்டும் வட்டமிடுங்கள். தொடுவானத்தை ஒட்டிய வானம், தண்ணீரின் வலப்பக்க மினுக்கம், படகுகளின் வலப்புறம், பறவைகள். வட்டங்கள் சேர்ந்து தாளில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டினால் குறைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சிறு தாளை வேலை முடியும்வரை கண்ணெதிரே ஒட்டிவைத்திருங்கள்.

தாளை இழுத்துக் கட்டுதல்

தாளைச் சுத்தமான தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, நீர் வடியவிட்டு, பலகையில் பரப்பி, நான்கு ஓரங்களையும் நனைத்த பசைத்தாள் நாடாவால் ஒட்டி, படுக்கைவாட்டில் முழுவதும் காயவிட வேண்டும். காயும்போது தாள் இறுகி முரசுத் தோல் போல ஆகிவிடும். வெறும் நீர்வண்ணப் படத்துக்கு இதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. பேஸ்டல் வரப்போகும் தாளில் தவிர்க்க வேண்டாம். தாள் நெளிந்திருந்தால் பேஸ்டல் நெளிவுகளின் முதுகில் மட்டும் பட்டு, நாம் வரையாத கோடுகளைப் போட்டுவிடும்.

வரைவை எச்.பி. பென்சிலால் மெலிதாகப் போடுங்கள். அழுத்தி அழித்தால் தாளின் சொரசொரப்பு அந்த இடத்தில் தேய்ந்துபோகும்; பேஸ்டல் பின்னர் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். மெழுகால் வெண்மையைக் காக்கும் உத்தியும் இங்கே வேண்டாம், மெழுகின் மேல் பேஸ்டல் ஒட்டாது.

நீர்வண்ண அடித்தளம்

நீர்வண்ணம் பழகியவர்கள் தங்கள் பழக்கம் ஒன்றை இந்தக் கட்டத்தில் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்றால் தாளின் வெண்மைதான். அதைக் கண்ணுக்குக் கண்ணாகக் காப்பாற்றுவோம். இங்கே வெண்மையை மிச்சம் வைத்தால், பின்னால் வரும் பாலேடு நிறப் பேஸ்டல் அதன் பக்கத்தில் அழுக்காகத் தெரியும். எனவே தாள் முழுவதையும் ஒரு தொனி தாழ்த்திக்கொள்ள வேண்டும். யெல்லோ ஓக்கரில் சிறிது அலிசரின் சேர்த்துத் தேநீர் நிறத்துக்குக் கரைத்து, தாளை நனைத்தபின் மேலிருந்து கீழ்வரை தட்டைத் தூரிகையால் பூசுங்கள். அது ஈரமாக இருக்கும்போதே, அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த சாம்பல் நீலத்தை வானத்தின் மேற்பகுதியில் இட்டு, தொடுவானத்தை நோக்கிக் குறைத்துக்கொண்டே வாருங்கள். தண்ணீர்ப் பகுதியில் இதையே தலைகீழாகச் செய்யுங்கள்: தாளின் அடி ஓரத்தில் அடர்த்தி, மேலே போகப் போக மெலிவு. பலகையின் ஒரு முனைக்கடியில் ஒரு புத்தகத்தை வைத்துச் சாய்த்துவிட்டால் வண்ணம் தானாகவே இறங்கிப் பரவும். இந்த வாஷில் அல்ட்ராமரீனை நான் விரும்பிச் சேர்க்கிறேன். குழிகளில் படியும் அதன் துகள்கள், மேலே வரப்போகும் ஆரஞ்சுப் பேஸ்டலுக்குக் கீழே நின்று ஒளியைத் தூண்டிவிடுகின்றன.

முதல் வாஷ் காய்ந்ததும் நிலப்பட்டையையும், படகுகளின் நிழல் பக்கத்தையும், தண்ணீரில் விழும் அவற்றின் நிழல்களையும், சேற்றின் இருண்ட வாய்க்கால்களையும் 12 எண் தூரிகையால் ஒரே மூச்சில் போடுங்கள். படகின் நீலத்தைப் பார்த்து மயங்கிப் பளிச்சென்ற நீலத்தைப் பூசிவிடாதீர்கள். அதன் நிழல்பக்கம் ஏறத்தாழ ஊதாச் சாம்பல்தான். உண்மையான நீலம் வெயில் படும் ஒரு கைப்பிடி அகலப் பலகையில் மட்டுமே இருக்கிறது, அதைப் பேஸ்டல் சொல்லும். பறவைகளை இப்போது தொட வேண்டாம். அவை வரப்போகும் இடத்தில் சாம்பல் நீலப் பட்டை இடையறாமல் ஓடட்டும்.

படம் இந்த நிலையில் அழகில்லாமல், மந்தமாக, விடியாத நேரம் போல இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். இதை இன்னும் கொஞ்சம் "எடுத்துவிடலாம்" என்று நீர்வண்ணத்தாலேயே முயன்றால் பேஸ்டலுக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

காயவிடுதல்

இந்தப் படியை ஒற்றை வரியில் சொல்லிக் கடந்துவிட எனக்கு மனமில்லை. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு நவம்பர் மழைநாளில், நன்றாக வந்திருந்த ஒரு வாஷின் மேல் ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டுப் பேஸ்டலை எடுத்தேன். பார்வைக்குத் தாள் காய்ந்திருந்தது. முதல் தீற்றலிலேயே பொடி உதிர்வதற்குப் பதிலாகக் குழைந்து, தாளின் பள்ளங்களுக்குள் புகுந்து, சுண்ணாம்புப் பூச்சு போல அடைத்துக்கொண்டது. அதன் பிறகு அந்த இடத்தில் எதுவும் பிடிக்கவில்லை. வானத்தின் மையத்தில் வெளிறிப்போன அந்தத் தழும்பை இன்றும் அந்தத் தாளில் பார்க்கலாம். தூக்கியெறிய மனம் வராமல் வைத்திருக்கிறேன்.

புறங்கையைத் தாளின் மேல் மெதுவாக வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. கோடைக்காலத்தில் சில மணி நேரம் போதும்; மழைக்காலத்தில் ஓர் இரவு விட்டுவிடுவதே நல்லது. ஹேர் டிரையரைப் பயன்படுத்தினால் அரை அடி தள்ளிப் பிடித்துக் காயவைத்து, சூடு முழுவதும் ஆறிய பிறகே புறங்கைச் சோதனையைச் செய்யுங்கள். சூடான தாள் ஈரத்தை மறைத்துவிடும்.

பேஸ்டல்

பலகையை ஈசலில் நிமிர்த்தி வையுங்கள். உதிரும் தூள் படத்தின் மேல் தங்காமல் கீழே விழும். அடியில் ஒரு மடித்த காகிதத்தை வைத்தால் அங்கே சேர்ந்துவிடும். குச்சிகளை ஒன்றரை அங்குலத் துண்டுகளாக ஒடித்துக்கொள்ளுங்கள். புதுக் குச்சியை ஒடிக்க மனம் வராதுதான். ஆனால் நமக்கு வேண்டியது அதன் விலாப்பக்கம், முழுக்குச்சியில் அது கைக்குள் அடங்காது.

முதல் தீற்றல் தொடுவானத்துக்கு மேலே. வெளிர் ஆரஞ்சுத் துண்டைப் படுக்கையாக வைத்து, குச்சியின் எடையைத் தவிர வேறு அழுத்தம் கொடுக்காமல், வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக ஒரே இழுப்பு. மேடுகளில் மட்டும் பேஸ்டல் அமர்ந்து, பள்ளங்களில் சாம்பல் நீலம் பொட்டுப்பொட்டாகத் தெரிய வேண்டும். வலது ஓரத்தில் அதன் மேலேயே பாலேடு நிறத்தை இன்னும் குறுகலாக ஒருமுறை இழுங்கள். வானத்துக்கு அவ்வளவுதான். இந்த இடத்தில் விரல் தானாக எழுந்து தேய்க்கப் பார்க்கும். தேய்த்தால் மேட்டிலுள்ள பொடி பள்ளத்துக்குள் தள்ளப்பட்டு நீர்வண்ணத்தை மூடிவிடும். இரண்டு நிறங்கள் தனித்தனியே நின்று தந்த ஒளி, ஒரே நிறத்தின் மாவுப் பூச்சாகிவிடும். பேஸ்டல் பாடங்களில் விரலால் குழைக்கச் சொல்வது தனிப் பேஸ்டல் ஓவியத்துக்குச் சரியாக இருக்கலாம், நீர்வண்ணம் அடியில் இருக்கும்போது அது நட்டம்.

தண்ணீருக்கு வருவோம். மினுக்கம் எங்கும் பரவிக் கிடப்பதாகத் தோன்றினாலும், கூர்ந்து பார்த்தால் அது தூரத்தில் நெருக்கமான கோடுகளாகவும், அருகில் வர வர இடைவெளி விட்டும் அமைந்திருக்கும். வெளிர் மஞ்சள் துண்டின் விளிம்பால் கிடைமட்டமாக, விட்டுவிட்டு, வலப்பக்கத்தில் மட்டும் போடுங்கள். இடது பாதித் தண்ணீர் முழுக்க நீர்வண்ணமாகவே இருக்கட்டும். அங்கே கை வைக்காமல் இருப்பதுதான் இந்தப் படத்தின் ஈரத்தைக் காப்பாற்றுகிறது.

படகின் வலப்புறப் பலகைக்கு நடுத்தர நீலத்தை இப்போது கொஞ்சம் அழுத்தியே போடலாம். அதன் மேல்விளிம்பில் வெளிர் நீலத்தால் ஒரு கோடு. பேஸ்டல் பென்சிலில் கயிறும் நங்கூரக் கம்பும். கெட்டியான பென்சிலும் கடினக் குச்சியும் முதலில், மிக மென்மையான குச்சி கடைசியில் என்ற வரிசையைக் காத்துக்கொள்ளுங்கள். மென்மையான பேஸ்டலின் மேல் கடினமானதை இழுத்தால் அது கீறி எடுத்துவிடும்.

பூநாரைகளைக் கடைசியில் வைத்திருப்பதற்குக் காரணம், அவை ஒரே முறைதான் வரும். தூரத்திலிருந்து பார்க்கையில் அவை நாம் நினைக்கும் அளவுக்குச் சிவப்பு அல்ல. உடல் பெரும்பாலும் வெண்மை, அதில் இளஞ்சிவப்பு ஒரு சாயல். சிறகின் கருஞ்சிவப்பு பறக்கும்போதுதான் முழுதாகத் தெரியும். வெளிர் இளஞ்சிவப்புத் துண்டின் மூலையால், ஒரு பறவைக்கு ஓர் அழுத்தம் என்று, ஒழுங்கற்ற இடைவெளிகளில் பத்துப் பன்னிரண்டு பொட்டுகள் வையுங்கள். அவற்றில் மூன்று நான்கின் வலப்பக்கத்தில் மட்டும் வெள்ளை. கால்களையும் கழுத்தையும் வரையத் தேவையில்லை. சாம்பல் நீலப் பட்டையின் மேல் அந்தப் பொட்டுகளைக் கண்ட கண், மிச்சத்தைத் தானே வரைந்துகொள்ளும்.

மறுபடி தண்ணீர்

பேஸ்டலின் மேல் ஈரத் தூரிகையை ஓட்டினால் அது கரைந்து, ஒளிபுகாத வண்ணக்குழம்பாகும். சேற்றுப் பகுதியில் இதைப் பயன்படுத்தலாம்: காவிப் பேஸ்டலைத் தீற்றி, ஈரத் தூரிகையால் பாதியை மட்டும் கரைத்துவிட்டால், ஈரச் சேறும் காய்ந்த சேறும் அடுத்தடுத்துக் கிடைக்கும். ஆனால் அதற்கென ஒரு தூரிகையையும் ஒரு தனிக் குவளைத் தண்ணீரையும் ஒதுக்கிவிடுங்கள். சுண்ணாம்பு கலந்த அந்தத் தண்ணீர் நீர்வண்ணப் பேலட்டில் ஒரு துளி பட்டாலும், தெளிவான வண்ணங்கள் மங்கிப் பால் கலந்தாற்போல் ஆகிவிடும்.

தவறு நேர்ந்தால், தேய்த்து அழிக்காமல், உலர்ந்த பன்றிமுடித் தூரிகையால் பொடியைத் தட்டி உதிர்த்துவிட்டு, எஞ்சியதைக் குழைந்த அழிப்பானால் ஒற்றி எடுங்கள். நன்கு காய்ந்த நீர்வண்ணம் அடியில் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஒரே இடத்தில் இரண்டு முறைக்கு மேல் இப்படிச் செய்தால் தாள் களைத்துவிடும்.

முடித்து, காத்தல்

பலகையைப் பின்பக்கம் விரலால் இரண்டு முறை சுண்டினால் ஒட்டாத தூள் விழுந்துவிடும். பொடியைத் தாளில் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேடிவ் என்னும் திரவத்தைத் தெளிப்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. தெளித்தால் பொடி ஓரளவு நிலைக்கும். ஆனால் வெளிர் நிறங்கள் கறுத்து, வெள்ளை ஏறக்குறைய மறைந்துபோகும். இந்தப் படத்தின் உயிரே அந்த வெளிர் நிறங்கள்தான் என்பதால் நான் இறுதியில் தெளிப்பதில்லை. தெளித்தே ஆக வேண்டுமென்றால், பூநாரைகளையும் மினுக்கத்தையும் போடுவதற்கு முன், திறந்த வெளியில், மூன்றடி தள்ளி நின்று, மெல்லிய ஒரே தெளிப்பு. அது காய்ந்த பிறகு கடைசி வெளிச்சங்களைப் போட்டு, அவற்றின் மேல் தெளிக்காமல் விட்டுவிடுங்கள்.

சட்டமிடும்வரை மேலே பட்டர் பேப்பரை மூடி, ஓரங்களை டேப்பால் பிடித்து, தட்டையாக வையுங்கள். பட்டர் பேப்பர் பக்கவாட்டில் நகரக் கூடாது. சட்டத்துக்குக் கண்ணாடியே வேண்டும். அக்ரிலிக் தகடு நிலைமின்னால் தூளை இழுத்துக்கொள்ளும். கண்ணாடி படத்தைத் தொடாதபடி கனமான மவுண்ட் போர்டு வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள்; சட்டம் போடுபவரிடம் இதை நேரில் நின்று காட்டிவிட்டு வருவது நல்லது, ஏனெனில் நீர்வண்ணப் படம் என்று நினைத்துக் கண்ணாடியை ஒட்டியே வைத்துவிட வாய்ப்புண்டு. தாளின் பசையும் பிசினும் பூஞ்சைக்குப் பிடித்த உணவு என்பதால், மழைநீர் இறங்கும் வெளிச்சுவரில் மாட்டாமல் வீட்டின் உட்சுவரில் மாட்டுங்கள். சட்டத்தின் பின்பக்கத்து நான்கு மூலைகளிலும் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டிவிட்டால், சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடும்.